பெயரால் வந்த பிழை: பிரெஞ்சு மொழியின் 'நிபந்தனை இறந்தகாலம்' பற்றிய ஒரு கண்டனம்

இலக்கணத்திற் பெயர் தவறாயிருப்பதாற் பெருங்கேடு எதுவும் விளைந்துவிடாது என்று கருதுவோர் உளர். பெயர் எதுவாயினும் வாய்பாட்டை மனனஞ் செய்து, வினாத்தாளின் வெற்றிடங்களை நிரப்பினாற் போதும் என்பது அவர்தம் எண்ணம். பிரெஞ்சு வினை வடிவங்களுள் 'நிபந்தனை இறந்தகாலம்' எனப்படும் ஒன்று எம் மாணவர்க்குப் பயிற்றப்படும் முறையை நோக்குமிடத்து, இவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தாதது என்பது புலனாகும். பெயர் பிழைத்தமையால் விளக்கம் பிழைத்தது. விளக்கம் பிழைத்தமையால் மொழிபெயர்ப்புப் பிழைத்தது. மொழிபெயர்ப்புப் பிழைத்த இடத்தில், நடந்தது நடவாததாகவும் பிறர் கூற்று எழுதியவர் கூற்றாகவும் மாறிவிடுகின்றன. இப்பிழைகள் ஒன்றிலிருந்தொன்று பிறப்பன என்பதையும், ஆங்கிலத்தின் வழிநின்றே பிரெஞ்சைக் காணும் வழக்கம் அவற்றை வளர்த்து வருகின்றது என்பதையும், தமிழின் துணைகொண்டு இவ்வடிவத்தை மேலுந் தெளிவாகக் கற்பிக்க இயலும் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வடிவத்தை நோக்குவோம். இதிற் கடினம் எதுவுமில்லை. உடைமையைக் குறிக்கும் 'அவுவார்', இருத்தலைக் குறிக்கும் 'ஏத்ர்' ஆகிய இரு துணைவினைகளுள் ஒன்றை நிபந்தனை நிகழ்கால வடிவில் நிறுத்தி, அதன்பின் முதன்மை வினையின் இறந்தகால எச்சத்தைச் சேர்த்தால் இவ்வடிவம் பிறக்கும். பேசுதலைக் குறிக்கும் வினை தன்மை ஒருமையில் 'ஜோறே பார்லே' எனவும், தன்மைப் பன்மையில் 'நூ ஸோறியோன் பார்லே' எனவும், முன்னிலைப் பன்மையில் 'வூ ஸோறியே பார்லே' எனவும் வரும். ஒருமையின் மூவிடத்தும், படர்க்கைப் பன்மையிலும் 'ஓறே' என்னும் ஒரே ஒலியே கேட்கும். வேறுபாடு எழுத்தில் மாத்திரமே உண்டு. செல்லுதல், வருதல், புறப்படுதல், பிறத்தல், இறத்தல் முதலான சில வினைகளும், தற்சுட்டு வினைகள் யாவும் 'ஏத்ர்' என்பதையே துணையாகக் கொள்வன. ஆகவே, 'ஜெ ஸெறே பார்த்தி' என்பது 'நான் புறப்பட்டிருப்பேன்' என்றாகும். பேசுபவர் பெண்ணாயின் எச்சத்தின் ஈற்றில் ஓரெழுத்து மிகும். பலராயின் பன்மையெழுத்துச் சேரும். 'அவுவார்' கொள்ளும் வினைகளிலோ, செயப்படுபொருள் வினைக்கு முன்னர் வந்தால் மாத்திரமே எச்சம் அதனோடு இயையும். இவ்வளவே வாய்பாடு. ஊக்கமுள்ள மாணவரொருவர் சின்னாட்களில் இதனைக் கைவரப்பெறுவார். எனினும் பாடநூல்கள் பக்கம் பக்கமாக அட்டவணை இடுவதும், பரீட்சைகள் அவ்வட்டவணையையே சோதிப்பதும் இவ்விடத்திலேதான். எளிதானது விரித்துரைக்கப்படுகின்றது, அரிதானது ஒரு வரியிற் கடந்து செல்லப்படுகின்றது.

அரிதானது எது? இவ்வடிவம் எதனைக் கூறுகின்றது என்பதே. அதனை அறிய, வடிவத்தை உறுப்புறுப்பாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். 'ஓறே' என்பதன் முற்பகுதி 'அவுவார்' என்னும் வினையின் எதிர்காலப் பகுதியாகும். பிற்பகுதியோ, இறந்தகாலத்தில் தொடர்ந்து நிகழ்ந்ததைக் குறிக்கும் வடிவத்தின் விகுதியாகும். அதாவது, எதிர்காலப் பகுதியின்மேல் இறந்தகால விகுதி ஏற்றப்பட்டுள்ளது. இவ்விரண்டினோடு முற்றுப்பெற்ற செயலைக் காட்டும் எச்சமுஞ் சேர, மூன்று அடுக்குகள் ஒன்றாகின்றன: ஒரு செயல் முடிவுற்றது, அம்முடிவு பின்னர் வரவிருப்பது, அவ்வரவிருத்தல் கடந்துபோன ஒரு நிலையிலிருந்து நோக்கப்படுகின்றது.

இப்பகுப்பு வரலாற்றினாலும் அரண் செய்யப்படுகின்றது. இலத்தீன் மொழியின் பிற்காலப் பேச்சுவழக்கில், 'பாட' எனப் பொருள்தரும் வினைப்பெயரோடு 'கொண்டிருக்கிறேன்' எனப் பொருள்தரும் 'ஹபேயோ' சேர்ந்து பிரெஞ்சு எதிர்காலத்தைத் தந்தது. அதே வினைப்பெயரோடு அதன் இறந்தகால வடிவமாகிய 'ஹபேபாம்' சேர்ந்து, நிபந்தனை என இன்று வழங்கும் வடிவத்தைத் தந்தது. தமிழர்க்கு இது புதுமையன்று. 'பாட இருக்கிறேன்' என்பதற்கும் 'பாட இருந்தேன்' என்பதற்கும் உள்ள உறவை ஒத்ததே இவ்விரண்டிற்குமுள்ள உறவு. பாட இருந்தேன் என்று ஒருவர் கூறுமிடத்து, பாடினார் என்றோ பாடவில்லை என்றோ அவர் திட்டமாகச் சொல்லவில்லை. பாடுதல் என்பது அன்றைய நிலையில் எதிரே இருந்தது என்பதையே சொல்கின்றார். ஏறத்தாழ 880ஆம் ஆண்டைச் சேர்ந்ததும், பிரெஞ்சு மொழியின் மிகப் பழைய இலக்கியச் சான்றுகளுள் ஒன்றுமாகிய புனித யுலாலியா பற்றிய பாடலிலேயே இவ்வின வடிவம் ஒன்று காணப்படுகின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகளாக வழங்கிவரும் ஒரு வடிவத்தின் பிறப்பை மறைத்துவிட்டு, அதன்மேல் 'நிபந்தனை' என்ற பெயரை ஒட்டியிருப்பது எவ்வகையில் நியாயமாகும்?

இனி அப்பெயரை ஆராய்வோம். நிபந்தனைத் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'ஸில் ஏத்தே வெனியூ, ஜெ லோறே வியூ.' 'அவன் வந்திருந்தால் நான் அவனைக் கண்டிருப்பேன்' என்பது பொருள். இத்தொடரில் நிபந்தனை எங்கேயுள்ளது? 'வந்திருந்தால்' என்னும் பகுதியில். அப்பகுதியின் வினையோ, நிபந்தனை வடிவில் இல்லை. இறந்தகாலத்திற்கு முந்திய இறந்தகால வடிவில் நிற்கின்றது. நிபந்தனை வடிவம் எனப் பெயர்பெற்றது விளைவைக் கூறும் பகுதியிலேயே வருகின்றது. இன்னுங் கூறின், நிபந்தனையைத் தொடக்கும் 'ஸி' என்னுஞ் சொல்லின்பின் இவ்வடிவம் வருதலைப் பிரெஞ்சு இலக்கணம் வெளிப்படையாகவே விலக்குகின்றது. 'ஸி' என்பதற்கும் 'றே' என்னும் ஈற்றிற்கும் ஒவ்வாது என்ற கருத்தில், வாளையும் மீனையும் வைத்துச் சிலேடையாக அமைந்த ஒரு வாசகத்தைப் பிரான்சின் பாடசாலைப் பிள்ளைகள் மனனஞ் செய்வர். நிபந்தனைப் பகுதியில் வரக்கூடாது என்று விலக்கப்பட்ட ஒரு வடிவத்திற்கு நிபந்தனை என்று பெயரிட்டிருப்பதன் முரணை எம் பாடநூல்கள் ஒருகாலும் எடுத்துரைப்பதில்லை. அதன் பயனாக, 'நிபந்தனை வாக்கியத்தில் நிபந்தனை வடிவம்' என்று எண்ணும் மாணவர் இரு பகுதிகளிலும் அதனையே இட்டுத் தவறுகின்றனர். பின்னர் அத்தவற்றிற்கெனத் தனிப் பயிற்சி எழுதப்படுகின்றது. நோயைக் கொடுத்தவரே மருந்தையும் விற்பது போன்றது இது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். 'ஒருவேளை' எனப் பொருள்படும் 'ஓ கா ஊ' என்னுந் தொடரின்பின் இவ்வடிவம் நிபந்தனைப் பகுதியிலேயே வருகின்றதே. பேச்சுவழக்கில் இணைப்புச்சொல் எதுவுமின்றி இரு பகுதிகளிலும் இவ்வடிவத்தை நிறுத்திப் பேசுவதும் உண்டே எனலாம். உண்மையே. ஆயின், முன்னையதில் நிபந்தனைப் பொருளைத் தருவது அத்தொடர். பின்னையதில் அதனைத் தருவது பேச்சின் தொனி. வினைவடிவம் இரண்டிலும் தன் தொழிலையே செய்கின்றது. அன்றியும், 'ஸி' என்பது ஐயவினாவை உட்கொண்டு வருமிடத்து இவ்வடிவம் தடையின்றி அதன்பின் வரும். 'அவன் வந்திருப்பானோ என்று அறியேன்' என்பது போன்ற தொடர்கள் அத்தகையன. தமிழோ 'வந்திருந்தால்' என்றும் 'வந்திருப்பானோ' என்றும் இவ்விரண்டையும் வெவ்வேறு உருபுகளாற் பிரித்துக் காட்டுகின்றது. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளுள் 'செயின்' என்பதைத் தனியே எண்ணியமை மனங்கொள்ளத்தக்கது. நிபந்தனை நிற்குமிடம் எச்சமே, முடிக்கும் வினையன்று என்பது தமிழ் மரபிற் பயின்ற மாணவர்க்கு முன்னரே தெரிந்த செய்தி.

நிபந்தனை எதுவுமேயில்லாத இடங்களை நோக்கினால் பெயரின் பொருந்தாமை இன்னுந் தெளிவாகும். இவ்வடிவத்தின் பயன்பாடுகளுள் நான்கினை இங்கு குறிப்பிடலாம். முதலாவது, கழிவிரக்கம்: 'ஜோறே தியூ பார்த்திர்' என்பது 'நான் புறப்பட்டிருக்க வேண்டும்' எனப் புறப்படாமைக்கு வருந்துவதாகும். இரண்டாவது, பணிவு: 'ஜோறே வூலியூ' எனத் தொடங்கி ஒன்றைக் கேட்பவர், 'தங்களோடு பேசலாமென்று வந்தேன்' என்று எம்மவர் விருப்பத்தை இறந்தகாலத்தில் ஒதுக்கிவைத்துக் கூறுவது போன்றே கூறுகின்றார். மூன்றாவது, கடந்த காலத்திலிருந்து நோக்கிய முற்றெதிர்வு: 'நண்பகலுக்கு முன் முடித்திருப்பேன் என்று அவன் கூறினான்' என்பதைப் பிரெஞ்சு அயற்கூற்றாக மாற்றும்போது இவ்வடிவத்தையே ஆளும். நான்காவது, பிறர்வாய்ச் செய்தி: 'லெ மினிஸ்த்ர் ஓறே தெமிஸியொனே' என்று பத்திரிகை எழுதினால், அமைச்சர் பதவி விலகியதாகச் செய்தி உண்டு, ஆயின் அதற்குப் பத்திரிகை பொறுப்பேற்கவில்லை என்பது பொருள். இந்நான்கிலும் 'ஆல்' என்ற உருபிற்கு இடமேது? நிபந்தனை என்ற பெயர் இவ்வடிவத்தின் ஒரு பயனை மாத்திரம் எடுத்து முழுமைக்கும் சூட்டியதாகும்.

இந்நான்கையும், நிபந்தனைத் தொடரின் விளைவுப் பகுதியையும் இணைப்பது ஒன்றே. பேசுபவர் ஒரு முடிந்த செயலைச் சொல்கின்றார். ஆயினும் அது நடந்தது என்பதற்குத் தாம் இப்போது சாட்சி நிற்கவில்லை. நடவாததாயின் வருத்தம், நடந்திருக்கக்கூடியதாயின் கற்பனை, பிறர் சொன்னதாயின் செவிவழிச் செய்தி, முன்னொருநாள் எதிர்பார்க்கப்பட்டதாயின் அன்றைய எதிர்காலம். எதிர்காலப் பகுதியின்மேல் இறந்தகால விகுதி ஏறிய வடிவம் இத்தொழில்களுக்கு ஏற்றதாயிருப்பதில் வியப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாடசாலை இலக்கணங்கள் இதனைத் தனியொரு வினைப்பாங்காக வகுத்து வழக்கப்படுத்தின. ஆயின், பிரெஞ்சு மொழியியலறிஞரான குஸ்தாவ் கியோம் 1929இல் வெளிவந்த 'காலமும் வினையும்' என்னும் நூலிலேயே இதனை 'எடுகோள் எதிர்காலம்' எனக்கொண்டு, எதிர்காலத்தின் இணையாகவே விளக்கினார். அதன்பின் எழுந்த இலக்கண நூல்கள் பலவும் இதனை அறிவிப்பு வினைப்பாங்கின் காலங்களுள் ஒன்றாகவே கொள்கின்றன. பிரான்சிலே ஒரு நூற்றாண்டளவாக ஆராயப்பட்டு வரும் இவ்விடயம் எம் வகுப்பறைகளின் வாயிலைக்கூட எட்டவில்லை என்பது வருந்தத்தக்கது.

'இரண்டாம் வடிவம்' என்ற பெயரில் அட்டவணைகளிற் சேர்க்கப்படும் மற்றொன்றைப் பற்றியும் ஒருவார்த்தை கூறவேண்டும். 'ஜூஸ் பார்லே' என்றாற்போல அமையும் அது, உண்மையில் வேறொரு வினைப்பாங்கின் முற்றிறந்தகால வடிவமே. பழைய இலக்கிய நடையில் அது நிபந்தனை இறந்தகாலத்தின் இடத்திலும் ஆளப்பட்டமையால் இப்பெயர் பெற்றது. இன்றைய பேச்சில் அது இல்லை. எழுத்திலும் உயர்நடைக்கே உரியது. பழைய நூல்களைப் படிக்குமிடத்து அதனை இனங்காணுதல் தேவை. ஆனால், தொடக்கநிலை மாணவர் அதனை ஆறிடங்களிலும் மனனஞ் செய்து ஒப்புவிக்க வேண்டுமென்று கேட்பது, அன்றாடத் தமிழ் பேசப் பழகும் அயல்நாட்டார் ஒருவரிடம் 'செய்யூ', 'செய்பு' வாய்பாட்டு எச்சங்களை எழுதிக்காட்டும்படி கேட்பதற்கு ஒப்பானது.

இப்பிழைகளுக்கெல்லாம் துணைநிற்பது ஆங்கிலம். எமது பல்கலைக்கழகங்களிற் பிரெஞ்சு பயில்வோர்க்குக் கிடைக்கும் விளக்கங்கள் பெரிதும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவ்விளக்கங்களில் 'நிபந்தனை இறந்தகாலம் என்பது வுட் ஹாவ்' என்று ஒரு சமன்பாடு தரப்படும். நிபந்தனைத் தொடர்களுக்கு இது பொருந்தும். பிறர்வாய்ச் செய்திக்கோ சற்றும் பொருந்தாது. அமைச்சர் பற்றிய மேற்காட்டிய வாக்கியத்தை இச்சமன்பாட்டின் வழியே தமிழாக்கும் மாணவர், 'அமைச்சர் பதவி விலகியிருப்பார்' என்று எழுதுவார். இதனைப் படிக்கும் தமிழர் இரண்டில் ஒன்றையே உணர்வர்: ஏதோ ஒரு காரணம் நேர்ந்திருந்தால் விலகியிருப்பார், ஆயின் விலகவில்லை என்பது ஒன்று, இந்நேரம் விலகியிருப்பார் என எழுதுபவரே ஊகிக்கின்றார் என்பது மற்றொன்று. மூலமோ இவ்விரண்டையும் கூறவில்லை. அது கூறியது, 'அமைச்சர் பதவி விலகினாராம்' என்பதே. எழுத்துநடையில், 'விலகியதாகக் கூறப்படுகின்றது' என்பதே.

இவ்விடத்தில் தமிழின் ஆற்றலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செவிவழிச் செய்தியைக் காட்டுவதற்கு ஆங்கிலம் தனி வினைவடிவம் எதனையும் உடையதன்று. புறம்பான சொற்களைச் சேர்த்தே அதனை உணர்த்தும். தமிழிலோ 'ஆம்' என்னும் ஒரு சிறு இடைச்சொல் போதும். வந்தான் என்பது சொல்பவர் பொறுப்பு. வந்தானாம் என்பது பிறர் பொறுப்பு. பாட்டியிடம் கதை கேட்ட குழந்தையும் இவ்வேறுபாட்டை அறியும். பிரெஞ்சு மொழி நிபந்தனை இறந்தகாலத்தாற் செய்யும் நான்காவது தொழிலை, தமிழ் மாணவர் தம் தாய்மொழியில் நாள்தோறும் செய்துவருகின்றனர். ஆயினும் அவர்தம் ஆசிரியர் அதனைச் சுட்டுவதில்லை. ஆங்கிலத்தில் இல்லாதது மாணவர்க்கும் விளங்காது என்று எண்ணிக்கொள்கின்றார்.

நிபந்தனைத் தொடரிலும் இதுவே நிலை. 'வந்திருந்தால் கண்டிருப்பேன்' என்னுந் தொடரின் முற்பகுதியில் இறந்தகால இடைநிலை. பிற்பகுதியில் முற்றுப்பெற்ற எச்சம், துணைவினை, எதிர்கால இடைநிலை ஆகியன. நடவாத இறந்தகாலச் செயலைக் கூறத் தமிழும் எதிர்காலத்தையே நாடுகின்றது. மூன்று காலமே கொண்ட எம் இலக்கண மரபு இதற்கெனப் புதிதாக ஒரு வினைப்பாங்கை வகுத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு இதற்குமேல் இறந்தகால விகுதி ஒன்றையும் ஏற்றிக்கொள்கின்றது. வேறுபாடு அவ்வளவே. இத்தகைய ஒப்பீட்டை அரைமணி நேரத்திற் செய்துகாட்டலாம்.

தமிழ் எல்லாவிடத்தும் நேர்வழி காட்டும் என்று நாம் கூறவில்லை. தமிழும் வழுக்கி விழச்செய்யும் இடங்கள் உண்டு. அவற்றை அறிந்து கற்பிப்பதே ஒப்பீட்டின் பயன். 'அவன் இந்நேரம் வந்திருப்பான்' என்னும் ஊகத்திற்கு நிபந்தனை இறந்தகாலம் உதவாது. அங்கு பிரெஞ்சு முற்றெதிர்காலத்தைக் கொண்டு 'இல் ஸெறா வெனியூ' என்னும். 'இல் ஸெறே வெனியூ' என்றால், வந்தானாம் என்றோ வேறொரு நிலையில் வந்திருப்பான் என்றோ பொருள்படும். தமிழின் ஒரே வடிவம் பிரெஞ்சில் இரண்டாகப் பிரிகின்றது. தன்மை ஒருமையில் இவ்விரண்டிற்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு ஈற்றில் வரும் ஓரெழுத்தே. பேச்சில் பலர் அதனையும் வேறுபடுத்துவதில்லை.

கழிவிரக்கத் தொடர் மற்றொரு வழுக்கிடம். 'புறப்பட்டிருக்க வேண்டும்' என்பதில், தமிழ் முற்றுப்பெற்ற தன்மையை 'புறப்படு' என்னும் வினையிலேயே காட்டுகின்றது. 'வேண்டும்' மாறாது நிற்கின்றது. ஆங்கிலமும் அவ்வாறே. பிரெஞ்சோ வேண்டுதலைக் குறிக்கும் வினையையே நிபந்தனை இறந்தகாலத்தில் நிறுத்தி, புறப்படுதலை வெறும் வினைப்பெயராக விடுகின்றது: 'ஜோறே தியூ பார்த்திர்.' இதில் 'தியூ' என்பது வேண்டுதல் வினையின் எச்சம். அவ்வாறே, 'புறப்பட்டிருக்கலாம்' என்பது 'ஜோறே பியூ பார்த்திர்' என வரும். தமிழையோ ஆங்கிலத்தையோ சொல்லுக்குச் சொல் பின்பற்றி 'ஜெ தெவ்றே ஏத்ர் பார்த்தி' என்று அமைத்தால், இந்நேரம் நான் புறப்பட்டுவிட்ட நிலையில் இருக்கவேண்டும் என்ற வேறொரு பொருள் தோன்றும். இத்தகைய நுட்பங்களே வகுப்பறை நேரத்திற்கு உரியவை. அட்டவணையை மாணவர் வீட்டிலிருந்து படித்துக்கொள்வர்.

இவையெல்லாம் இலக்கணக்காரரின் தர்க்கம், உலகியலுக்கு இதனால் ஆவதென்ன என்று வினவுவோர்க்கு இரு சான்றுகள் கூறுவோம். முதலாவது பத்திரிகை. ஒருவர் களவு செய்தார் என்பதும், களவு செய்தாராம் என்பதும் ஒன்றல்ல. பிரெஞ்சுச் செய்தியில் நிபந்தனை இறந்தகாலத்தில் எழுதப்பட்ட குற்றச்சாட்டை, எம் மொழிபெயர்ப்பாளர் சாதாரண இறந்தகாலத்திற் பெயர்த்தால், ஐயம் தீர்ப்பாகிவிடும். ஆயின், இவ்வடிவத்தை எழுதியவுடன் பொறுப்பு முழுவதும் நீங்கிவிடும் என்று கருதுவதும் தவறு. பிரான்சின் 1881 யூலை 29ஆந் திகதிய பத்திரிகைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஐயவடிவிற் கூறப்பட்ட அவதூறும் தண்டனைக்குரியதே என விதித்துள்ளது. ஒரு வினைவடிவத்தின் மறைவில் ஒருவர் நற்பெயரைக் கெடுக்க இயலும் என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. அவர்கள் உணர்ந்த அளவிற்கேனும் மொழி பயில்வோர் உணரவேண்டாமா?

இரண்டாவது சான்று எமக்கு இன்னும் அண்மையது. 1983ஆம் ஆண்டின் பின்னர் இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராய்ப் பிரான்சிற் புகலிடந் தேடினர். 1952இல் நிறுவப்பட்ட, அகதிகள் மற்றும் நாடற்றோர் பாதுகாப்புக்கான பிரெஞ்சு அலுவலகத்திற்கு அளிக்கப்படும் புகலிட விண்ணப்பம் பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்படல் வேண்டும். தமிழிற் கூறப்பட்ட ஒரு வாழ்க்கை வரலாறு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வினைவடிவங்களிலேயே அங்குபோய்ச் சேர்கின்றது. 'நான் கைது செய்யப்பட்டிருந்தேன்' என்பது நடந்த செய்தி. அதனை 'ஜோறே ஏத்தே அரெத்தே' என்று எழுதிவிட்டால், 'கைது செய்யப்பட்டிருப்பேன்', அதாவது செய்யப்படவில்லை, என்றாகிவிடும். மறுபுறம், 'வீட்டில் நின்றிருந்தால் என்னையும் கொண்டுபோயிருப்பார்கள்' என்ற வாக்கியத்தை இவ்வடிவமின்றிச் சொல்லவே இயலாது. தப்பிவந்த ஒருவரின் அச்சம் முழுவதும் அவ்வாக்கியத்தின் பிற்பகுதியில் உள்ளது. நடவாத ஒன்றின் பொருட்டே அவர் நாட்டைவிட்டு நீங்கினார்; நடவாத ஒன்றைச் சொல்லும் வினைவடிவமே அவருக்குச் சாட்சி. இனி, அவர் கூற்றைச் சுருக்கி எழுதும் அலுவலர் ஒருவர் 'இல் ஓறே ஏத்தே அரெத்தே' என்று எழுதினால், 'கைது செய்யப்பட்டாராம்' என அவர் தம் உறுதியை விலக்கிவைத்து எழுதியுள்ளார் என்பதை விண்ணப்பதாரர் அறிதல் வேண்டும். 'கைது செய்யப்பட்டிருப்பார்' என்று அதனைத் தமிழாக்கி அவருக்கு வாசித்துக்காட்டும் மொழிபெயர்ப்பாளர் அவருக்கு உதவி செய்தவராகார்.

எம் கருத்துக்கு மூன்று மறுப்புகள் கூறப்படுவதுண்டு. பெயர் உலகெங்கும் வழங்குவது, அதனை நாம் மாற்ற இயலாது என்பது ஒன்று. பெயரை அழிக்க வேண்டுமென்று நாம் கோரவில்லை. பெயர் எதனை மறைக்கின்றது என்பதை முதல் வகுப்பிலேயே கூறவேண்டுமென்றே கோருகின்றோம். பரீட்சை இவ்வாறே அமைந்துள்ளது என்பது மற்றொன்று. பரீட்சையை அமைப்போர் வானிலிருந்து இறங்கியவரல்லர். இவ்விதழைப் படிக்கும் விரிவுரையாளர்களும் அவர்களுள் அடங்குவர். வெற்றிடம் நிரப்பும் வினாக்களுள் ஒன்றைக் குறைத்து, பத்திரிகைப் பத்தி ஒன்றைக் கொடுத்து, இதில் எச்செய்திக்கு எழுதியவர் பொறுப்பேற்கின்றார், எதற்கு ஏற்கவில்லை என்று வினவுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. தமிழில் நூல் இல்லை என்பது மூன்றாவது. இதுவே மிகவும் நாணத்தக்க மறுப்பு. மூசே, துய்ப்புயி ஆகிய பாதிரிமாரின் தமிழ்-பிரெஞ்சு அகராதி புதுச்சேரியில் 1855ஆம் ஆண்டிலேயே அச்சேறத் தொடங்கியது. பரிஸ் நகரிற் தமிழ் கற்பித்த யூலியன் வென்சோன், பிரெஞ்சு மக்களுக்கெனத் தமிழ்மொழிக் கைந்நூல் ஒன்றை 1903இல் வெளியிட்டார். அவர்கள் தமிழை அணுகுவதற்கு ஆங்கிலத்தை இடையில் நிறுத்தவில்லை. எம்மை அணுக அவர்கள் மேற்கொண்ட உழைப்பில் ஒரு பகுதியையேனும், அவர்கள் மொழியை அணுக நாம் மேற்கொண்டிருக்கின்றோமா?

ஆகவே நாம் வேண்டுவன சில. இவ்வடிவத்தை அதன் மூன்று அடுக்குகளையும் பிரித்துக்காட்டித் தொடங்குக. 'ஸி' வரும் தொடரை முதலில் வைக்காது, கழிவிரக்கத்தையும் பிறர்வாய்ச் செய்தியையும் முதலில் வைக்குக. 'வுட் ஹாவ்' என்ற சமன்பாட்டை விடுத்து, 'இருப்பேன்', 'இருக்க வேண்டும்', 'ஆம்' ஆகிய மூன்று தமிழ் வடிவங்களையும் அருகருகே நிறுத்தி, எங்கு எது பொருந்தும், எங்கு எதுவும் பொருந்தாது என்பதை மாணவரே கண்டறியச் செய்க. 'இரண்டாம் வடிவத்தை' வாசிப்பிற்கென ஒதுக்குக. பிரெஞ்சு பயிலும் தமிழ் மாணவர்கள் ஒருங்குகூடி, தாம் படிக்கும் செய்திகளிலிருந்து இவ்வடிவம் வரும் வாக்கியங்களைத் திரட்டித் தமிழாக்கத்தோடு ஒரு சிறு கைந்நூலாகத் தொகுத்தாற் கூட, அடுத்த ஆண்டு வருவோர்க்கு அது பெருந்துணையாகும். அதற்கு வேண்டுவது பணமன்று. ஒரு தவணைக்கால உழைப்பே. அதனைத் தொடங்குமாறு இத்தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினரை வேண்டிக்கொள்கின்றோம். செய்திருக்கலாம் என்று பின்னொருநாள் பிரெஞ்சிலோ தமிழிலோ சொல்லவேண்டிய நிலை எமக்கு நேராதிருக்கட்டும்.